விசிறியை யாரிடம் ஒப்படைப்பது

2023 மே 16, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்துப் பால் காய்ச்சினேன். முந்தைய நாள் நாட்குறிப்பில் விட்டுப்போயிருந்த இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். இட்லி, தக்காளிச் சட்னி. செவ்வாய்க்கிழமைதோறும் செய்வதுபோல வேலைப் பையைக் கவிழ்த்து, பொருள்களைத் துடைத்துத் திரும்ப அடுக்கினேன்: திருப்புளிகள், பெயிண்ட் பிரஷ், ப்ராசசருக்குத் தடவும் பசை, பட்டன் பேட்டரிகள், பழைய பருத்திப் புடவையில் கிழித்த துணி. ஸ்கூட்டரில் பொன்னேரி அலுவலகம். பிரிண்டரில் சிக்கியிருந்த காகிதத்தை எடுத்தேன். பத்து மணிக்கே வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாதபடி காய்ந்தது. "இன்று விசேஷம் ஒன்றும் இல்லை" என்று எழுதிவைத்தேன். மாலையில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

இந்த ஆண்டு நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டதும் அந்தப் பை, என் இடத்துக்கு வந்திருக்கும் உங்கள் இருவரிடம் வந்திருக்கிறது. போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "கம்ப்யூட்டர் விசிறியைக் கட்டுப்படுத்த எந்த மென்பொருள் நல்லது மேடம்? ஒரு பட்டியல் கொடுங்களேன்." பட்டியல் கொடுக்கலாம். அடுத்த வருஷம் அதில் பாதி இருக்காது. அதனால் பட்டியலுக்குப் பதில் அந்தச் செவ்வாய்க்கிழமையை எழுதித் தருகிறேன்.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் நம் அறக்கட்டளை நடத்தும் தகவல் மையங்கள் உங்களுக்குத் தெரியும். ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர். மறுநாள் கடல் எப்படி இருக்கும், அலை எவ்வளவு உயரும், காற்று எந்தப் பக்கம் என்பதை மாலை நான்கரைக்குப் படிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் விடியற்காலையில் படகு தள்ளுவதா வேண்டாமா என்று கரையில் முடிவாகும். லைட்ஹவுஸ் குப்பத்தில் படிப்பவள் கலா. பி.காம் முடித்தவள். அந்த அறை ஊருக்குச் சொந்தம், முன்பு அதில் வலை போட்டுவைத்திருந்தார்கள். கிராமத் தலைவர் ஏகாம்பரம், கலாவின் அப்பா.

பதினோரு மணிக்குக் கலா கூப்பிட்டாள்.

"யக்கா, நேத்து திரும்ப நின்னுபோச்சு."

"அறிவிப்பு நடுவுலயா?"

"கடைசில. பாதிய மனசுல வெச்சுக்கினு எப்டியோ சமாளிச்சேன். ஆனா ராத்திரி கிராமத்தாருங்க கூடிட்டாங்க. இன்னிக்கும் நின்னுச்சுன்னா ரூம வலைக்கு எடுத்துக்கறாங்களாம்."

"உங்க நைனா ஒண்ணும் சொல்லலயா?"

"அவர்தாங்க்கா சொன்னாரே! 'எம் பொண்ணுன்னு பாத்துட்டேன்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது, அதனால நானே சொல்றேன்'னு சொல்லிட்டாரு. எங்கம்மா அவருக்குச் சோறு போடல."

கிராமத்தார் கோபப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை கலா படித்துக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் சூடேறித் தானாக அணைந்தது. திரையைப் பார்த்துப் படிப்பவள், திடீரென்று படிக்க ஒன்றும் இல்லை. மைக் மட்டும் உயிரோடு இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது இதுதான்: "நாளைக்கு விடிகாலைல நம்ம கடல்ல... ஐயோ!" அதற்குப் பிறகு நிசப்தம்.

மறுநாள் ஒரு படகும் இறங்கவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் போய்க் கூடை கூடையாக நெத்திலி கொண்டுவந்தார்கள். அன்று முதல் லைட்ஹவுஸ் குப்பத்தில் யார் வழுக்கி விழுந்தாலும், குழம்பு தீய்ந்தாலும் "நாளைக்கு விடிகாலைல, ஐயோ!" என்று கூவுவது வழக்கமாகிவிட்டது. கலா தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள்.

கலாவுக்கு இது கேலியோடு முடியாது. அறை போனால் மையம் பழவேற்காட்டுக்கு மாறிவிடும், வேறொருவர் படிப்பார். கலா மற்றப் பெண்களோடு விடியலில் கும்மிடிப்பூண்டி கம்பெனி வேனில் ஏற வேண்டும். "போறதுல ஒண்ணும் கொறச்சல் இல்லக்கா. ஆனா ஐயோன்னு சொன்னவளாவே போவணுமா?" என்று கேட்டாள். ஸ்கூட்டரை எடுத்தேன்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் சாலையிலேயே நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக உருட்டிக்கொண்டு போனேன். மையத்துக்கு எதிரே தார்ப்பாய் நிழலில் ஏகாம்பரமும் இன்னும் இருவரும் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க கம்ப்யூட்டரம்மா. டாக்டர் வந்தாச்சு. பொட்டி பொழைக்குமா, இல்ல மாலை வாங்கியாரச் சொல்லட்டுமா?"

"மாலை இன்னாத்துக்கு தலிவரே? அந்தக் காசுக்கு வலைய மாட்ட ஆணி வாங்கிரலாம்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"நாலரைக்கு நானும் கேப்பேன்" என்றார் ஏகாம்பரம். சிரிக்கவில்லை.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். கடற்கரையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பது எப்போதும் எனக்கு ஒரு பொட்டலத்தைப் பிரிப்பதுபோல. உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை பல்லிக்குடும்பம். ஒருமுறை காய்ந்த இறால் மீசை. அன்று பெட்டி சுத்தமாக இருந்தது. விசிறி தடையில்லாமல் சுற்றியது. பசை காயவில்லை. பின் ஏன் சூடு?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த விசிறி அதற்கு முந்தைய மாதம் வரை எப்போதும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இரண்டு தொல்லை. ஒன்று, சத்தம். மைக்குக்குப் பக்கத்திலேயே பெட்டி. கூம்பு ஸ்பீக்கரில் கலாவின் குரலுக்குப் பின்னால் 'ஹோ' என்று வரும். கேட்பவர்கள் காற்று என்று நினைத்தார்கள். "மையத்துலயே இவ்ளோ காத்தா, அப்ப கடல்ல?" என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டாவது, உப்பு. வேகமாகச் சுற்றும் விசிறி கடற்காற்றை அதிகம் இழுக்கும். இதற்கு முன்பிருந்த மதர்போர்டைக் கழற்றியபோது செம்பு இணைப்புகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. விசிறி வேகமாகச் சுற்றினால் உப்பு, மெதுவாகச் சுற்றினால் சூடு. பொன்னேரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சூடு மட்டும்தான் தெரியும்.

ஆகவே ஏப்ரலில், அலுவலகச் சகா பிரபு சொன்ன ஓர் இலவச மென்பொருளைப் போட்டோம். அருமையான சாமான். எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்று திரையில் கோடு வரைந்துவிடலாம். சூடு குறைந்தால் விசிறி முணுமுணுக்கும், ஏறினால் எழும். இரண்டு வாரம் யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் வெயில் ஏறியது, ஐயோவும் வந்தது.

மென்பொருளைச் சோதித்தேன். அறிவிப்பு நேரத்தில் அந்தப் பெட்டிக்கு வேலை அதிகம். அலை வரைபடம் திரையில் அசைந்துகொண்டே இருக்கும், கூடவே கலாவின் பேச்சைப் பதிவு செய்து மற்றக் குப்பங்களின் போன்களுக்கு அனுப்பும். அந்த வேலைகளையெல்லாம் ஒன்றாக ஓடவிட்டேன். ஜன்னலை மூடினேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். சூடு ஏறியது, விசிறி எழுந்தது, சூடு இறங்கியது. எல்லாம் கோடு போட்டபடி. நான் பார்க்கும்போது மட்டும் வராத கோளாறு.

"அறிவிப்பு நேரத்துல மட்டும்தானா நிக்குது?"

"ஆமாக்கா. மத்த நேரம் பாட்டு போடறேன், சீரியல் பாக்கறேன், ஒண்ணும் ஆவல. மைக்க எடுத்தா போதும், அதுக்கு மூச்சு வாங்குது."

எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. பயம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு மைக்கைத் தெரியாது. மைக்கின் கம்பி நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. பின் எப்படி மைக்கை எடுத்தால் கம்ப்யூட்டர் நிற்கும்?

கேள்வி கேட்பதை நிறுத்தினேன். "கலா, ஆம்ப்ளிஃபயர் வேணாம். மத்தபடி தினமும் என்ன பண்ணுவியோ அத அப்டியே பண்ணு. எனக்காக ஒண்ணும் மாத்தாதே. நான் இங்க இல்லன்னு வெச்சுக்கோ" என்று சொல்லி மூலையில் உட்கார்ந்தேன்.

கலா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கதவைத் தாழிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். சத்தம் போடுகிறது என்று கூரையில் சுற்றிய மின்விசிறியை நிறுத்தினாள். மைக்கைத் தாவணி நுனியால் துடைத்தாள். பிறகு மவுஸைத் திரையின் வலது கீழ் மூலைக்குக் கொண்டுபோனாள். அங்கே கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் இருக்குமே, அவற்றை ஒவ்வொன்றாக மூடினாள். பாட்டு, பிரிண்டர், வைரஸ் தடுப்பு. "இது மட்டும் போவவே போவாது, சனியன்" என்று அதை விட்டுவிட்டு அடுத்ததை மூடினாள். அடுத்தது நம்முடைய விசிறி மென்பொருள்.

"இரு, இரு! அத ஏன் மூடின?"

கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதோ கூடாததைக் கேட்டதுபோல் அவள் முகம் மாறியது.

"இன்னாக்கா இது? கடல்லேர்ந்து வலைய இழுத்து வாங்கறப்ப எஞ்சின ஓட விடுவாங்களா?"

"புரியல."

"வலை மேல வர்றப்ப பின்னால எஞ்சின் பங்கா சுத்திக்கினு இருந்தா வலைய இழுத்துச் சுத்திக்கும்ல? வலையும் போச்சு, எஞ்சினும் போச்சு. சின்ன வயசுல ஏரில நைனாகூட போறப்ப ஒரு தபா மறந்துட்டேன். அங்கயே விட்டாரு ஒண்ணு. பெரிய வேலைல கை வெக்கறதுக்கு முன்னால சுத்தறது எல்லாத்தையும் நிறுத்திரணும். எனக்கு அறிவிப்புதான வலை வாங்கறது? அதான் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஆரம்பிப்பேன்."

எந்தக் கையேட்டிலும் இந்தக் காரணம் இருக்காது. படகுக்கு அது முழுக்க முழுக்கச் சரியான பழக்கம். கம்ப்யூட்டரில் அவள் நிறுத்தியது சுற்றுவதை அல்ல, சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளை. மூடிய பிறகு விசிறியைப் பார்த்தேன். நிற்கவில்லை. கடைசியாக என்ன உத்தரவு வந்ததோ அதே மெல்லிய வேகத்தில் சுற்றியது. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு ஆள் இறங்கிப்போன படகு.

சூட்டை மட்டும் காட்டும் தனி நிரல் ஒன்றைத் திரை ஓரத்தில் திறந்துவைத்து, "படி" என்றேன். கலா அன்று மதியம் வந்திருந்த கடல் நிலவரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். வரைபடம் அசைந்தது, பதிவு ஓடியது, சூடு ஏறிக்கொண்டே போனது. விசிறி முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. எல்லாவற்றையும் நானே நிறுத்தினேன்.

கலாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்போ நானேதான் நிறுத்தினு இருந்தேனா?"

"நீ நிறுத்துவேன்னு நாங்க யோசிக்கல. அதான் விஷயம்."

காரணம் தெரிந்துவிட்டது, இனி என்ன என்று நீங்கள் நினைக்கலாம். அன்று எனக்குக் கடினமாக இருந்த பகுதி அதற்குப் பிறகுதான். அறிவிப்புக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் இருந்தது. பிரபுவைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"சூப்பர் மேடம்! கண்டுபுடிச்சிட்டீங்கல்ல? ரொம்ப சிம்பிள். அந்த ஐகான மறைச்சிடுங்க. பின்னணியில தானா ஓடற மாதிரி வெச்சிடலாம். அவங்களால மூடவே முடியாது."

"அது தானா நின்னுட்டா?"

"ஏன் நிக்கப்போவுது?"

"கரண்ட் போய் வந்தா?"

"விண்டோஸ் வந்ததும் அதுவும் வரும் மேடம். நடுவுல ஒரு ரெண்டு நிமிஷம்தான்."

"விண்டோஸ் வராம அப்டேட்ல மாட்டிக்கிட்டா?"

பிரபு சிரித்தார். "மேடம், அப்டிப் பாத்தா வீட்ட விட்டே கெளம்ப முடியாது."

அவர் சொன்னதில் தவறில்லை. அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இன்றும் அவர் தேர்ந்தெடுத்த மென்பொருள்தான் ஓடுகிறது. அங்கே அது சரி. அங்கே மின்சாரம் போவதில்லை, ஏசி இருக்கிறது, மென்பொருள் நின்றால் கவனிக்க ஆள் இருக்கிறது.

கலா ஒரு யோசனை சொன்னாள்: "நான் மூடாம இருந்தா போதுமேக்கா. ஞாபகம் வெச்சுக்கறேன்." அவள் வைத்துக்கொள்வாள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் ஊருக்குப் போகும் நாளில் வந்து படிப்பவரும் இதே குப்பத்தில் பிறந்தவர்தான். அவருக்கும் யாரோ ஒருவர் ஏரியில் வைத்து அடித்துக் கற்றுக்கொடுத்திருப்பார். ஊரே சரியென்று வைத்திருக்கும் ஒரு பழக்கத்துக்கு எதிராக ஒரு கருவியை நிறுத்திவைத்தால், தோற்கப்போவது கருவிதான்.

மூன்றாவது வழி, பழையபடி முழு வேகம். இன்று காப்பாற்றும், தீபாவளிக்குள் மதர்போர்டு பச்சை பூக்கும்.

நான்காவது வழி பயாஸ். கம்ப்யூட்டரைப் போட்டவுடன், விண்டோஸ் எழுவதற்கு முன்பே, மதர்போர்டு தானாகப் படித்துக்கொள்ளும் அமைப்பு. அதிலும் விசிறி வேகத்தைச் சொல்லிவைக்கலாம். அழகான கோடெல்லாம் வரைய முடியாது, மூன்று படிதான். ப்ராசசரின் சூட்டை மட்டும்தான் அது பார்க்கும். முரட்டுத்தனமானது. ஆனால் அதை மூட முடியாது. விண்டோஸ் தூங்கினாலும் செத்தாலும் அது விழித்திருக்கும்.

அங்கே நின்றுகொண்டு நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வியை உங்களுக்குத் தருகிறேன். இந்த வழி நன்றாக நடக்கும்போது எவ்வளவு நன்றாக நடக்கும் என்று ஏப்ரலில் கேட்டிருந்தோம். அன்று கேட்டது: இந்த வழி செத்துப்போகும்போது விசிறி என்ன செய்துகொண்டிருக்கும்? பிரபுவின் மென்பொருள் செத்தால் விசிறி பழைய உத்தரவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பயாஸ் செத்தால் கம்ப்யூட்டரே எழாது, சூடாகவும் வழியில்லை. மென்பொருளை நீக்கினேன்.

பயாஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு ஒரு பட்டன் பேட்டரி வேண்டும். இருந்ததைத் தொட்டுப் பார்த்தேன், ஓரம் பொரிந்திருந்தது. பையிலிருந்து புதியதைப் போட்டேன். மின்சாரம் திரும்பினால் பெட்டி தானாக எழும்படியும் சொல்லிவைத்தேன்.

இனி மூன்று படி. மேல்படி எளிது. சூடு எல்லை மீறினால் முழு வேகம். கீழ்ப்படிக்கும் நடுப்படிக்கும் என் காது போதாது. சத்தம் ஸ்பீக்கரில் எங்கே தொடங்குகிறது என்பது அறைக்குள் தெரியாது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, கலாவை மைக்கில் ஒன்று இரண்டு எண்ணச் சொன்னேன். ஜன்னல் வழியாக ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன்.

"தலைவரே, ஸ்பீக்கர்ல காத்து சத்தம் வந்ததும் கையத் தூக்குங்க."

"நானா? பொண்ணுக்கு ஒத்தாச பண்ணிட்டேன்னுவானுங்க. டேய் மணி, நீ தூக்குடா."

கூட இருந்த இருவரில் ஒருவரான மணி கையைத் தூக்க ஆரம்பித்தார். நான் படியை ஏற்ற ஏற்ற, கலா "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லச் சொல்ல, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், நெத்திலி திருப்பிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து கேட்டார்கள்.

"இப்ப வருது!"

"எங்கடா வருது? அது உங்க வூட்டு மிக்ஸி."

"இல்ல இல்ல, வருது. மேல் காத்து மாதிரி கீது."

"கலா, ஒரு தபா ஐயோ சொல்லிக் காட்டேன், மைக்கு சரியா கீதானு பாப்போம்!" என்று ஒரு பெண்குரல். எல்லாரும் சிரித்தார்கள். கலா மைக்கில் "மூணு" என்று அழுத்திச் சொன்னாள்.

நடுப்படிக்கே காற்று வந்துவிட்டது. பெட்டியை மைக்கைவிட்டுத் தள்ளிவைக்க வேண்டும். ஏரித் தண்ணீர் ஒருமுறை அறைக்குள் வந்ததிலிருந்து எல்லாப் பொருளையும் மேசைமேல் வைப்பது அங்கே பழக்கம். கீழே வைக்கலாமா என்று கேட்டதுமே கலா முகம் சுளித்தாள். வெளியே பிளாஸ்டிக் மீன் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைக் கழுவிக் கொண்டுவரச் சொல்லிக் கவிழ்த்து, எதிர்மூலையில் வைத்து, அதன்மேல் கம்ப்யூட்டர் பெட்டியை உட்காரவைத்தோம். நான்கு பக்கமும் ஓட்டை, அடியிலிருந்து காற்று. தண்ணீர் வந்தாலும் எட்டாது. திரையின் கம்பி இழுத்துப் பிடித்ததுபோல எட்டியது. மறுபடியும் படிகளை ஏற்றினோம். நடுப்படியில் மணியின் கை எழவில்லை. முழு வேகத்தில் மட்டும் பாதி எழுந்தது.

நான்கரை. கலா கதவைத் தாழிட்டாள். மவுஸ் பழக்கப்படி வலது மூலைக்குப் போனது. ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தாள்.

"மூடு. எத வேணா மூடு" என்றேன். அவள் எல்லாவற்றையும் மூடினாள்.

"அனைவருக்கும் வணக்கம். லைட்ஹவுஸ் குப்பம் தகவல் மையத்துலேர்ந்து கலா பேசறேன். நாளைக்கு விடிகாலைல நம்ம கடல்ல..." இந்த இடத்தில் வெளியே யாரோ கனைத்தார்கள். கலா நிறுத்தாமல் போனாள். "அலை ஒரு மீட்டர்லேர்ந்து ஒண்ணரை மீட்டர். காலைல காத்து கொறவா இருக்கும்..."

நான் திரை ஓரத்து நிரலில் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது. எழுபத்தாறு. விசிறி ஒரு படி ஏறியது. எழுபத்தெட்டு. அங்கேயே நின்றது. நான் மூச்சு விட்டேன்.

அப்போது மின்சாரம் போனது.

அறையில் அதற்கு ஓர் ஓசையும் இல்லை. மின்விசிறி முன்பே நின்றிருந்தது. இன்வெர்ட்டரின் பேட்டரியை உப்பு எப்போதோ தின்றுவிட்டது, ஆம்ப்ளிஃபயர் மட்டும் லாரி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திரை கறுத்தது, அவ்வளவுதான். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கலாவின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும், குப்பத்துக்கே தெரியும். என் கைகள் தாமாக எழுந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"...மத்தியானத்துக்கு மேல தெக்குலேர்ந்து காத்து ஏறும். அதனால தூரம் போறவங்க வெயில் சாயறதுக்குள்ள கரைக்குத் திரும்பிடுங்க. முகத்துவாரத்துல இழுவை அதிகமா இருக்கும், சின்னப் படகு உஷார்."

ஒத்திகையில் படித்ததைத்தான் சொன்னாள். ஒரு வரி விடவில்லை. பாதியில் மின்சாரம் திரும்பியது. யாரும் தொடாமலே மூலையில் மீன் பெட்டிமேல் முதலில் எழுந்தது விசிறி. ஒருமுறை உரக்கச் சுற்றி, பிறகு தன் படிக்கு இறங்கியது. திரையில் அப்போது ஓர் எழுத்துகூட வந்திருக்கவில்லை. பிரபு சொன்ன அந்த இரண்டு நிமிஷத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையில் கடல் படம் திரும்பியபோது கலா "நன்றி, வணக்கம்" சொல்லி மைக்கை அணைத்திருந்தாள். பிறகு இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த ஐயோவை உள்ளங்கைக்குள் சொன்னாள்.

கதவைத் திறந்தபோது ஏகாம்பரம் வாசலில் நின்றிருந்தார். பின்னால் மணியும் மற்றவர்களும்.

"நைனா" என்றாள் கலா. "நடுவுல ஒரு தபா நின்னுச்சு."

நான் அவளைப் பார்த்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். வெளியே யாருக்கும் தெரியாது.

"எது நின்னுச்சு?"

"கம்ப்யூட்டர். கரண்ட் போச்சு."

"எப்போ? நா கேட்டுக்கினுதான இருந்தேன்?" திரும்பினார். "மணி, நீ கேட்டியா?"

"தெக்கு காத்து ஏறும்னு கேட்டேன். முகத்துவாரம் உஷார்னு கேட்டேன். நின்னது கேக்கல."

"அதான் அவளே நின்னுச்சுன்றாளே தலிவரே" என்றார் அவர்களோடு வலை பின்னிய மூன்றாமவர். "நேத்து பேசினது பேசினதுதான?"

ஏகாம்பரம் மூலையில் மீன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நேத்து பேசினது இன்னா? சேதி நிக்கக்கூடாதுன்னு பேசினோம். பொட்டி நிக்கக்கூடாதுன்னு எவன் பேசினான்?" என்றார். பிறகு மகளிடம், "அந்தப் பெட்டி மணியோடது. நாளைக்கு மீன் போட அவனுக்கு வேற ஒண்ணு குடு" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிப் போனார். அதுதான் தீர்ப்பு. அறையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை. நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது மூன்றாமவர், வலை மாட்ட வேறு இடம் பார்க்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த "விசேஷம் ஒன்றும் இல்லை"யை அடித்தேன். அதற்குக் கீழே, ஏப்ரலில் நாங்கள் சூட்டை அளந்தோம், சத்தத்தை அளந்தோம், உப்பை யோசித்தோம், மைக்கை எடுப்பதற்கு முன் கலாவின் கை எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை என்று எழுதினேன். விசிறி மென்பொருள் எது நல்லது என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், அந்த மேசைமுன் உட்காருபவரைப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

அதே மென்பொருளை ஏப்ரலில் இன்னொரு மையத்திலும் போட்டிருந்தோம். மறுநாள் புதன்கிழமை, முதல் வேலையாக ஏரியில் படகேறி அந்த மையம் இருக்கும் பசியாவரம் போனேன். அங்கே படிப்பவர் என் பையை வாங்கி மேசைமேல் வைத்து, "பெட்டிய தொறக்கணுமா மேடம்?" என்று திருப்புளியை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

"நீங்க தினமும் எப்டி ஆரம்பிப்பீங்களோ, அப்டியே ஆரம்பிங்க" என்றேன்.